பாட்டு எப்போ வரும் என்று கேட்காத கூட்டம்

இன்று காலை பக்கத்து வீட்டில் சித்தரத்தை இடித்தார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்குச் சளி. நான் ஆர்மோனியத்தின் துருத்திக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காரவாசனை சுவரைத் தாண்டி வந்ததும் கை நின்றுவிட்டது. வாயில் ஒரு துண்டு சித்தரத்தையை அடக்கிக்கொண்டு, "ஆர்மோனியம், இன்னைக்கு எந்தக் கட்டைடா?" என்று கேட்டபடி நீ பின்னால் வந்து நிற்பது போலவே இருந்தது. புத்தி கெட்டவன், திரும்பிப் பார்த்தேன். கதவில் ஈரத்துண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் நீ நம்பமாட்டாய். என் வாயிலிருந்து வந்த நல்ல சேதி எதைத்தான் நீ நம்பினாய்? ஆகவே முதலிலிருந்து வருகிறேன். நீ குறுக்கே பேசாமல் கேட்பது இப்போதுதான் முதல் தடவை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ என்னை நம்பாததற்குக் காரணம் நீயும் இல்லை, நானும் இல்லை. நம் தொழில். நாடகக் கம்பெனியில் சுருதி கூட்டுவது ஆர்மோனியக்காரனுக்குப் பாதி வேலை. திரை விழுந்ததும் ராஜபார்ட்டுக்கு முன்னால் முதல் ஆளாகப் போய் நின்று, "இன்னைக்கு ஜமாய்ச்சிட்டே" என்று சொல்வது மீதி வேலை. கூட்டம் கொட்டாவி விட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். ராஜா மனக்குறையோடு படுத்தால் மறுநாள் தொண்டை எழும்பாது. தொண்டை எழும்பாவிட்டால் கம்பெனியே பட்டினி. எல்லாக் கம்பெனியிலும் இதுதான் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். அனந்தபுரத்தில் மழை கொட்டிய அன்று, ஒண்ட வந்த சிலரும் ஒரு நாயும்தான் கொட்டகையில் இருந்தார்கள். அன்றைக்கும் நான் வந்து, "முன்வரிசையில எல்லாரும் அழுதுட்டாங்க" என்றேன். நீ கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே, "நாயும் அழுதுதா?" என்று கேட்டாய். வேஷம் கலைக்கிறவன் வரைக்கும் சிரித்துவிட்டான்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த உன்னைத் திண்டிவனம் கவிழ்த்துப் போட்டது.

சிறைக்குள் இருக்கும் ராஜா, ஜன்னல் வழியே நிலாவைப் பார்த்துப் பாடுகிற கட்டம். எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தகர வளையத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, கயிற்றால் மெதுவாக மேலே இழுப்பார்கள். அதுதான் நமக்கு நிலா. நீ வாயைத் திறந்தாய். மேல் ஸ்தாயிக்குப் போகவேண்டிய குரல் பாதியில் அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தாய். மறுபடியும் அறுந்தது. நான் கட்டையைக் குறைத்துப் பிடித்தேன். அதிலும் உன்னால் நிற்க முடியவில்லை. சில நாட்களாகவே கரகரப்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. அப்போது நீ செய்ததை எந்த ராஜபார்ட்டும் அதுவரை செய்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தகர நிலாவை அண்ணாந்து பார்த்து, பாட்டைப் பேசினாய். வசனம் ஒப்பிக்கிற மாதிரி இல்லை. எதிர் வீட்டு மாடியில் நிற்கும் ஆளிடம் பேசுகிற மாதிரி, நடுநடுவே பதிலுக்குக் காத்திருந்து பேசினாய்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் கொட்டகைக்குச் சிலிர்க்கவில்லை. "பாட்டு எப்போப்பா வரும்?" என்று ஒருவன் கத்தினான். அதற்கப்புறம் விசில். திரையை இறக்கிவிட்டார்கள். நான் என் வேலையைச் செய்தேன்: "இன்னைக்கு ஜமாய்ச்சிட்டே." நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அந்த வாரமே முதலாளி உன்னை மந்திரி வேஷத்துக்கு இறக்கினார். பாட வராதவன் ராஜாவாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. அவர் மட்டுமா, ஊரே அந்தக் கட்சிதான்.

பிறகு ருஷ்யாக்காரன் ஆகாயத்தில் ஒரு பந்தை விட்ட சேதி வந்தது. அது நம் ஊருக்கு மேலேயும் போகும், பொழுது சாய்ந்ததும் தெரியும் என்று எவனோ கிளப்பிவிட்டான். விழுப்புரம் ரயில் காலனி மைதானத்தில் பெண்டு பிள்ளைகளோடு கூட்டம். நாமும் போனோம். பந்தையும் காணோம், ஒன்றையும் காணோம். காத்திருந்த நேரத்தில் நீ அண்ணாந்தபடியே அந்த நிலாப் பாட்டை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற ரயில்வே பெரியவர், "யாராண்ட பேசிக்கினு இருக்கிற?" என்றார். "மேல ஒருத்தர் நிக்கறாரு, அவராண்ட" என்றாய். அவரும் மேலே பார்த்தார்.

திரும்பி நடக்கும்போது நீ சொன்னாய்: "பாடினா ஜனங்க என்னைப் பார்க்கறாங்கடா. பேசினா அவங்களும் மேல பார்க்கறாங்க." அன்றைக்குத்தான் உன் ஆசையையும் சொன்னாய். "ஒரே ஒரு தபா, ஒரு கூட்டம் நான் பேசறதை முழுசா கேட்கணும். பாட்டு எப்போ வரும்னு கேட்காம. அது போதும் எனக்கு." வேறொருவன் வீடு கேட்பான், நிலம் கேட்பான். நீ இதைக் கேட்டாய்.

சில வருஷம் கழித்து மனிதனையே மேலே அனுப்பிவிட்டார்கள். டீக்கடை, சலூன், ரயில் பெட்டி எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. பட்டணத்து இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள் அந்தச் சமயம் பார்த்துத் திண்டிவனத்துக்கு வந்தார். அவர் தேடி வந்தது ஹாஸ்யத் தட்டு பேசுகிறவர்களை. உன்னிடம் மாட்டிக்கொண்டார். "ஆகாயத்தைப் பத்தி ஆறு பாட்டு இருக்குதுங்க. எல்லாம் மத்தவங்க பாடிப் பேர் வாங்கின நாடகப் பாட்டு, ஜனங்களுக்குத் தெரிஞ்சது. ஆனா நான் பாட மாட்டேன், பேசுவேன்" என்றாய். அவர் இது ஏதோ புது நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார்.

பட்டணத்தில் அந்தக் குளிர்ந்த அறையை நினைத்துப் பார். ஜமுக்காளம் விரித்து, ஜன்னலை எல்லாம் மெத்தை வைத்து அடைத்திருந்தார்கள். நான் செய்யவேண்டியது ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு துருத்தியை அசைப்பதுதான். இத்தனை வருஷம் வாசித்தவனுக்கு அது பெரிய தண்டனை. "விரல் துறுதுறுன்னு இருக்குதுடா" என்றேன். "அடக்கிக்கினு உக்காரு" என்றாய். சிவப்பு விளக்கு எரிந்தது. நீ நிலாவிடம் பேசினாய், பேசி முடித்தாய். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தலையை நீட்டி, "ஒத்திகை நல்லா இருக்கு சார், பாட்டை ஆரம்பிக்கலாமா?" என்றார். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினேன். நீ சிரிக்கவில்லை. நட்சத்திரத்தை, வால் வெள்ளியை, கிரகணத்தை, பறக்கும் தேரில் போகிற ராஜகுமாரனை எல்லாம் அன்று மாலைக்குள் பேசித் தீர்த்தாய். மூன்று தட்டு, ஆறு பக்கம், ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் உன் படமும் ஒரு நிலாவும். உன் மூக்கைவிட நிலா சின்னதாக இருந்தது என்று நான் கேலி செய்தேன்.

விற்பனை என்ன ஆயிற்று என்பது உனக்கே தெரியும். திண்டிவனம் கடைத்தெருவில் செட்டை வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தட்டில் கோளாறு, பாட்டு விட்டுப்போயிருக்கிறது என்று புகார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், "முன்னுரை பிரமாதம். ஆறு பக்கமும் கேட்டுட்டேன். பாட்டு எந்தப் பிளேட்டுல இருக்கு?" என்று சண்டைக்கே நின்றாராம். கடைக்காரர் இதை நம்மிடம் சொன்னபோது நான் மறுபடி சிரித்துத் தொலைத்தேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்பு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். அழுகையும் அப்படித்தான்.

கம்பெனியும் கலைந்தது. சினிமாக் கொட்டகை வந்த ஊரில் தகர நிலாவை யார் பார்ப்பார்கள்? நான் சவுண்டு சர்வீஸ் காசிம் பாயிடம் சேர்ந்தேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கி கட்டி, தட்டு மாற்றிப் போடுகிற வேலை. உன் கரகரப்பு அடங்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் கட்டி என்றார்கள். சித்தரத்தையால் ஆகிற காரியமாக இல்லை. மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்து காற்றாகிவிட்டது. உன் செட் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு நடுவில் கிடந்தது. போகிற ஊருக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முகையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். நிலம் நீச்சு உள்ள வீடு, பெரிய பந்தல். பனைமரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தோம். விளக்கு வைக்கிற நேரம், எல்லோரும் மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைக்குப் போய்விட்டார்கள். பந்தல் காலி. காசிம் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். கிழக்கே நிலா ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, பெட்டியைத் திறந்து உன் முதல் தட்டை எடுத்து ஊசியை வைத்துவிட்டேன்.

"ஏணியில்லா மாடியிலே ஏறி நிற்கும் நிலவே..." என்றாய் நீ, பனைமரத்து உச்சியிலிருந்து. பிறகு உன் அந்த நிறுத்தம். தட்டின் கரகரப்பு மட்டும் கேட்டது. "இறங்கி வர மனமில்லையா? எங்க ஊரு பிடிக்கலையா?"

காசிம் பாய் ஓடிவந்தார். "யோவ், என்னா பேஜாரு பிளேட்டு இது? கல்யாண வூட்டுல பேச்சு போடறியே, ஜல்தி மாத்து." நான் மாற்றப் போனேன். அதற்குள் ஒரு கூத்து நடந்தது. குழாயில் பாட்டு வந்தால் கல்யாணம், பேச்சு வந்தால் கட்சிக் கூட்டம். நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். அடுத்த ஊர்க்காரர்கள் உன் குரலைக் கேட்டுவிட்டு, யாரோ பெரிய தலைவர் வந்து பேசுகிறார் என்று அரிக்கேன் விளக்கோடு வரப்பு வழியே வர ஆரம்பித்துவிட்டார்கள். "யாருங்க பேசறது? எந்தக் கட்சி?" என்று கேட்டுக்கொண்டே பந்தலுக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். மேடையில் யாரும் இல்லை. அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பேச்சு நடக்கிறது, உட்கார்ந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். நான் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். காசிம் பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆறு பக்கமும் ஓடியது. ஒருத்தர் இருமவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர், "முதல்ல நிலாவாண்ட பேசினது இன்னொரு தபா வைப்பா" என்றார். மறுபடி வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையோடு திரும்பிவந்த பெண் வீட்டுக்காரர், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வளவு ஜனமா என்று பூரித்துப்போய் எல்லோரையும் சாப்பிடச் சொல்லிவிட்டார். சோறு பத்தாமல் போய் மறுபடி உலை வைத்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். விழுப்புரத்தில் மாறி, திண்டிவனத்தில் இறங்கி, உன் வீட்டுக்கு ஓடினேன் என்றே வைத்துக்கொள். உன் தங்கச்சி உனக்குக் கேப்பைக் கூழை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு விரித்ததை நடித்தே காட்டினேன். ஒருத்தர்கூட பாட்டு எப்போ வரும் என்று கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். நீ சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்ததும் கையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டாய். காதைக் கொண்டுவந்தேன்.

"நாயும் அழுதுதா?" என்றாய், காற்றாக.

சத்தியம் செய்தேன். ஆர்மோனியத்தின் மேல் செய்தேன், என் பிள்ளைகள் மேல் செய்தேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்தாய். "உன் வேலையை நல்லாத்தான்டா பண்ற" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னை அறைந்திருப்பேன். காசிம் பாயைச் சாட்சிக்கு அழைத்துவரலாம் என்று போனேன். முகூர்த்த மாதம், மனிதர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துக் கூட்டிவருவதற்குள் நீ போய்விட்டாய். வாசலில் செருப்பைக் கழற்றிய காசிம் பாய், "நெசமா கூட்டம் வந்துச்சு தம்பி" என்று உன் கால்மாட்டில் நின்று சொல்லிவிட்டு அழுதார். கேட்கவேண்டிய காது கேட்கவில்லை.

இத்தனை வருஷமாக எனக்கு இருக்கிற ஏக்கம் இதுதான். நீ இல்லை என்பது ஒரு பக்கம். நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளில் என்னைப் பொய்யனாக்கிவிட்டுப் போனாய் என்பது இன்னொரு பக்கம். கேட்டது கிடைத்தும், கிடைத்தது தெரியாமலே போய்விட்டாயே, பாவி. எங்கேயாவது நாலு பேர் துண்டை விரித்து உட்கார்ந்தால்கூட எனக்கு நெஞ்சு வலிக்கும்.

இனி சேதிக்கு வருகிறேன். போன வாரம் நிலாவிலேயே மனிதன் இறங்கிவிட்டான். கேட்கிறாயா? இறங்கி நடந்தானாம். விழுப்புரம் பஸ் நிலையத்து டீக்கடை ரேடியோவில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் ஜனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு உன்மேல்தான் நினைப்பு. பக்கத்தில் ஓர் அம்மா கூடையில் அவித்த மல்லாட்டையைக் குவித்து, அந்த வேர்க்கடலையைப் படியால் அளந்து விற்றுக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். கூட இருந்த மருமகளிடம் சொன்னாள்: "என்னாமோ இப்பதான் அங்க போறாங்களாம். எங்க ஊருல ஒருத்தரு அன்னிக்கே நிலாவாண்ட பேசிட்டாரு."

"எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"முகையூராண்டங்க. பெரிய வூட்டுக் கல்யாணம். பனைமரத்துல குழா கட்டிக்கினு இருந்தாங்க."

"நீங்க பந்தல்ல இருந்தீங்களா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க எங்கங்க பந்தலாண்ட வர்றது? எங்களைக் கிட்ட விடுவாங்களா? நாத்து நட்டுட்டு வந்த காலோட எங்க தெரு மொத்தமும் வயக்காட்டுல நின்னுக்கினு கேட்டோம். குழா எங்க பக்கமாத்தான் திரும்பிக்கினு இருந்துது. வாத்தியமும் விருந்தும் உள்ள இருக்கறவங்களுக்கு. அந்த ஆளு பேசினது மட்டும் எங்களாண்ட பேசற மாதிரி இருந்துதுங்க. 'எங்க ஊரு பிடிக்கலையா'ன்னு கேட்டுட்டு சும்மா நிப்பாரு பாருங்க, அப்ப எம் மாமியா, 'பிடிச்சிருக்குதுய்யா'ன்னு மேல பார்த்துச் சொல்லிச்சு. கிண்டலுக்கு இல்லைங்க. நெசமாவே சொல்லிச்சு."

வாழ்நாள் முழுக்க உன்னிடம் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னவன் நான். முகையூர்க் கூட்டத்தை மட்டும் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். வெளிச்சத்தில் துண்டு விரித்தவர்களைத்தான் பார்த்தேன். இருட்டில், சேற்றில், உட்காரவும் இடமில்லாமல் ஆறு பக்கமும் முடிகிறவரை நின்று கேட்டவர்களை நான் பார்க்கவே இல்லை. உன் நிறுத்தத்துக்கு, நீ காத்திருந்த இடத்தில், ஒருத்தி பதிலே சொல்லியிருக்கிறாள்.

"அந்த ஐயா யாருன்னு தெரியுமாங்க உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்மா. என் கூட்டாளி."

"நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காரு. திண்டிவனத்துல இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். வாய்ப் பழக்கம், என்ன செய்ய?

அவள் ஒரு பொட்டலம் மல்லாட்டையைக் கட்டி என் கையில் வைத்தாள். "பார்த்தா சொல்லுங்க. நாங்களும் கேட்டோம்னு சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"கட்டாயம் சொல்றேம்மா" என்றேன்.

சொல்லிவிட்டேன். இந்தத் தடவையாவது நம்புடா.